மேற்குச் சுவர்

சன்னல் தொறந்தே இருக்கட்டுங்க. குளுந்தா குளுரட்டும், அதுக்குன்னுதான் நான் இந்தப் பக்கமாப் பாத்து உக்கார்றது. இப்ப இந்தக் காத்து என்ன இருக்கும்கறீங்க? இருபத்தெட்டு டிகிரி. மீட்டர் பாக்காமயே சொல்லுவனுங்க. குஞ்சப்பனை தாண்டுனா இருபத்தஞ்சு. அரவேணு போறதுக்குள்ள இருபத்தொண்ணு. நான் அரவேணுல எறங்கிக்குவேன். நீங்க கோத்தகிரிங்களா? செரி, அப்ப நேரம் கெடக்குது.

எனக்குக் கரூர்ப் பக்கம், க.பரமத்தி. பாத்தீங்களா, ஊரு பேரைச் சொன்னதும் சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. இன்னிக்கு அதிகபட்சமா நூத்தியெட்டு டிகிரி பாரன்ஹீட்டுன்னு டிவியில சொல்லுவாங்களே, அந்தப் பரமத்தியேதானுங்க. பேரு சென்னியப்பன். ஒரு இன்ஜினியர் ஆபீசுல வீட்டுப் பிளான் வரையறேன், இருவது வருசமா. முந்நூறு வீடாவது வரைஞ்சிருப்பேன். எல்லாம் பொட்டி பொட்டியா, மொகப்புல கண்ணாடி, மேல மொட்டைத் தளம். உள்ள போயி நின்னா அடுப்புக்குள்ள கைய விட்டாப்பல இருக்கும். அதுக்குள்ள ஒரு குடும்பம் வேகுமேன்னு நான் என்னிக்கும் நெனச்சதில்லீங்க. கேக்கறதை வரைஞ்சு குடுத்தேன், அவ்வளவுதான்.

என்ர புள்ள பொறந்த பொறவுதான் எனக்கு வெயில்னா என்னன்னே தெரிஞ்சுது.

சன்மதின்னு பேரு. ஒரே பொண்ணு. மூணாம் மாசத்துல இருந்து காய்ச்சல். சும்மா இல்லீங்க, நூத்திமூணு, நூத்திநாலு. டைபாய்டும்பாங்க, மலேரியாம்பாங்க, ஊசி போடுவாங்க, ரத்தம் எடுப்பாங்க. ஐப்பசி வந்தா தானா நல்லாயிருவா. பங்குனி வந்தா மறுபடியும் படுத்துக்குவா. ரெண்டு வயசுல கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்டக் கொண்டு போனோம். அவரு காய்ச்சலையே பாக்கலீங்க. வாயைத் தொறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்தாரு. நாலே பல்லு, அதுவும் கூர் கூரா. முடியத் தடவிப் பாத்தாரு. மக்காச்சோளக் கதிருல இருக்குமே, அந்த மாதிரி முடி. பாத்துட்டு, "இந்தப் பொண்ணுக்கு வேர்க்குமா?"ன்னு கேட்டாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மனுசனாப் பொறந்தா வேர்க்காதா? மைனாவதியைத் திரும்பிப் பாத்தேன். மைனாவதின்னா என்ர சம்சாரம், மாமம் பொண்ணுதான். அவ சிரிக்கலீங்க. "இல்லீங்க டாக்டர், ஒரு நாளும் வேர்த்ததில்லை"ன்னா. ரெண்டு வருசமா அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியலை.

அடுத்து டாக்டர், "சொந்தத்துல கட்டினீங்களா?"ன்னாரு. அதை விடுங்க. ஊருல யாரு சொந்தத்துல கட்டலை? அதை விடுங்க.

வேர்வைச் சுரப்பியே இல்லாமப் பொறந்த புள்ளைங்க. நமக்கெல்லாம் வெயில்ல நின்னா வேர்த்து, அந்த வேர்வை காஞ்சு, ஒடம்பு தானா ஆறிக்குது. அவளுக்கு ஆறாது. ஏறுனா ஏறிட்டே போகும். "மருந்து கெடையாதுங்க, புள்ளையக் குளுமையா வெச்சுக்கங்க, அதுதான் வைத்தியம்"னு சொல்லிப் போட்டாரு.

குளுமையா. பரமத்தியில.

அப்ப வாடகைக்கு மாடி வீட்டுல இருந்தோம். தளத்துல சட்டியை வெச்சா தோசை வெந்துரும். ஏசி போட்டோம். புள்ளைக்குப் பனியனை நனைச்சு நனைச்சுப் போட்டு விடுவா மைனாவதி. காய்ஞ்சுதா நனை, காய்ஞ்சுதா நனை. வேற வேலையே இல்லை அவளுக்கு. புள்ளைக்கு ஏழு வயசு நடக்கறப்ப, கத்திரி வெயில்ல, டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் போச்சு. ஒண்ணரை நாளு கரண்ட் இல்லீங்க. பாத்ரூம்ல தொட்டித் தண்ணியில புள்ளைய உக்கார வெச்சிருந்தோம், அந்தத் தண்ணியே சுடுது. மறுநா மத்தியானம் என்ர மடியில வெச்சே அவளுக்குக் கை காலு வெட்டி இழுத்துச்சு. கண்ணு மேல சொருகிருச்சு.

அன்னிக்கு முடிவு பண்ணுனனுங்க. கரண்ட்டை நம்பி என்ர புள்ள உசுரு இருக்கக் கூடாது. வீடே ஆறணும். கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும், வீடு அது பாட்டுக்கு ஆறணும்.

அப்பா விட்டுட்டுப் போன அஞ்சு சென்ட் கெடந்துது. ஆபீஸ்ல அடுத்தவன் வீடு வரையற நேரம் போக என்ர வீட்டை வரைஞ்சேன். நாப்பத்தோரு பிளான் போட்டனுங்க. நாப்பத்தொண்ணு. ஒத்தைத் தளம், ரோட்டுப் பக்கம் தவிர மூணு பக்கமும் வராண்டா, பழைய காலத்துத் துரைமாருக பங்களா கட்டுனாங்களே, அதையே அறுநூறு சதுரடியில சுருக்குனாப்பல. நீள வாக்கு கெழக்கு மேக்கா, அப்பத்தான் ரெண்டு நீளச் சுவரும் வடக்கும் தெக்கும் பாக்கும், வெயிலு அடிக்காது. சுவரு ஒத்தைச் சுவரு இல்லீங்க. செங்கலைக் குத்து வாக்குல நிறுத்தி, நடுவுல இடைவெளி விட்டு ரெட்டையா எழுப்புறது. அந்தக் காத்து வழியா சூடு உள்ள வராது. தளத்துல கான்கிரீட்டு போடறப்ப மண் சட்டியைக் கவுத்துக் கவுத்து வெச்சுப் போட்டேன். பத்தடி ஆழத்துல மண்ணுக்குள்ள குழாய் பதிச்சு, அதுல வர்ற குளுந்த காத்தை ரூமுக்குள்ள எடுத்தேன். மேல சூரியத் தகடு ரெண்டு, ரெண்டே ரெண்டு பேனுக்கு. போதும்.

ராக்கியண்ணன்னு ஒரு மேஸ்திரி, நல்ல கைக்காரரு. ஒரு நாளு கரணையைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. "ஏந்தம்பி, நாம வீடு கட்டறமா, தண்ணிப் பானை செய்யறமா?"

"பானைன்னே வெச்சுக்கங்கண்ணா"ன்னேன்.

சன்மதியும் ஒரு பிளான்ல வரைஞ்சா. நான் மேசை மேல விரிச்சு வெச்சிருந்தேன், பென்சில எடுத்து வீட்டுக்கு வெளிய, மேக்கால, ரோட்டோரமா, ஒரு ஊஞ்சலு. அதுல ஒரு புள்ள. பக்கத்துல இன்னும் நாலு புள்ளைங்க. அளவும் இல்லை ஒண்ணும் இல்லை, வீட்டை விடப் பெருசு அந்த ஊஞ்சலு. பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒப்புதலுக்குக் குடுக்க வேண்டிய காயிதமுங்க அது. ரப்பரை வெச்சு அழிச்சேன். அழுதா. வேற காயிதம் குடுத்து, "இதுல வரை சாமி"ன்னேன். வரையலை.

மைனாவதி கேட்டது ஒண்ணே ஒண்ணு. மேக்குச் சுவத்துல ஒரு சன்னலு. எங்க வீட்டுக்கு ரோடு மேக்கால. எதுத்தாப்பல வேப்பமரம், தெருப் புள்ளைங்க எல்லாம் அங்கதான் ஆடும். கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடம். "ஹால்ல இருந்து ரோடு தெரியற மாதிரி ஒரு சன்னலு வெய்யிங்க. புள்ள பாத்துட்டாவது கெடக்கும்"னா.

மேக்குங்க! சாயங்கால வெயிலு மொத்தமும் அங்கதான் வந்து மோதும். சின்னப் புள்ளைக்குச் சொல்றாப்பல படம் போட்டு விளக்குனேன். மேக்குச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டா மத்ததெல்லாம் பண்ணி என்ன பிரயோசனம்?

"ஒரே ஒரு சன்னலுங்க."

"ஒண்ணும் கெடையாது மைனா. சுவருன்னா சுவரு."

அப்பறம் அவ கேக்கலை. கேட்டிருக்கலாம். நான் என்ன அடிக்கவா போறேன்?

தை மாசம் குடி போனோம். பங்குனியில வெயிலு ஏறுச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வராண்டாவுல மாட்டுன மீட்டரு நாப்பத்தொண்ணு காட்டுது. ஹாலுக்குள்ள முப்பத்தொண்ணு. பத்து டிகிரிங்க! ஏசி இல்லை, கூலர் இல்லை. நான் அந்த மீட்டரு முன்னாடி நின்னு அழுதுட்டேன். ஆபீஸ்ல இருந்தெல்லாம் வந்து பாத்தாங்க. வந்தவங்க சுவத்துல கைய வெச்சு வெச்சுப் பாப்பாங்க. அந்த வருசம் பங்குனி முழுக்க என்ர புள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் இல்லை. ஒரு நாள் இல்லீங்க.

கதவு மட்டும் தொறக்கக் கூடாது. காலையில எட்டு மணிக்குச் சாத்துனா சாயங்காலம் ஆறுக்குத்தான் தொறக்கணும். அதுக்குன்னே கதவுல ஸ்பிரிங் போட்டு, தானா சாத்தி தானா பூட்டிக்கற பூட்டு வெச்சேன். யாராச்சும் மறந்து தொறந்து போட்டா சூடு வந்துருமே. உள்ள இருந்து சும்மா தொறக்கலாம். வெளிய இருந்து சாவி வேணும். பள்ளிக்கூடத்துல ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதனால மாசியிலயே நிறுத்திட்டேன். ஒரு வருசம் படிக்காட்டி என்னங்க? உசுரு இருந்தாப் படிச்சுக்கலாம்.

ஒரு நாளு சுவத்துல காதை வெச்சுட்டு நின்னா சன்மதி. "அப்பா, பள்ளிக்கூட மணியே கேக்க மாட்டீங்குது"ன்னா. எனக்குப் பெருமை. "ரெட்டைச் சுவரு சாமி, ஒரு சத்தம் வராது"ன்னேன்.

சித்திரை பதினெட்டு. வெள்ளிக்கிழமை.

நான் ஆபீஸ்ல. மைனாவதி வேலையெல்லாம் முடிச்சுக் கெழக்கு ரூம்ல கொஞ்சம் கண்ணசந்திருக்கறா. பாவம், அவளும் மனுசிதானே. புள்ள கதவைத் தொறந்துட்டு வெளிய போயிருச்சு. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, வேப்பமரத்தடியில புள்ளைங்க கட்டம் போட்டுப் பாண்டி ஆடுதுங்க. இவளும் ஆடியிருக்கா. நல்லா ஆடுனாளாம். அந்தப் புள்ளைங்கதான் பின்னால சொல்லுச்சுங்க. மூணு ஆட்டம் இவதான் ஜெயிச்சாளாம். அப்பறம் அதுங்களைச் சோத்துக்குக் கூப்புட்டாங்க, போயிருச்சுங்க. இவ வீட்டுக்குத் திரும்பி வந்தா. கதவு பூட்டிக்கெடக்குது.

தட்டியிருக்கா. அது ரெண்டங்குலப் பலகை, சந்துக்கெல்லாம் ரப்பர் வேற வெச்சு அடைச்சிருந்தேன். மணி இல்லையான்னு கேக்கறீங்களா? காலிங் பெல் வெக்கலீங்க. எங்களுக்கு யாரு வர்றான்னு வெக்கலை. கதவைத் தட்டிப் பாத்துட்டு, சுத்தி மேக்கால போயிருக்கா. ஹாலு அந்தப் பக்கம்தானே, அம்மா ஹால்ல இருப்பான்னு நெனச்சிருப்பா. அங்க சுவருதான். மொட்டைச் சுவரு. அதைத் தட்டியிருக்கா. கல்லை எடுத்துத் தட்டியிருக்கா. சுண்ணாம்புல அந்தக் கல்லு பட்ட தடம் இருந்துதுங்க, இந்த ஒசரத்துல. அப்பறம் அதுக்குக் கீழ. அப்பறம் இன்னும் கீழ.

பக்கத்து வீட்டு அம்மா தண்ணிக் கொடத்தோட வந்தவங்க பாத்துட்டு, கொடத்துத் தண்ணியை அப்படியே புள்ள மேல ஊத்தியிருக்காங்க. உசுரு தங்குனதுக்கு அதுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. நூத்திஆறு காய்ச்சலு. ஒம்போது நாளு ஐசியூ. ரெண்டு தடவை இனி இல்லைன்னாங்க. பத்தாம் நாளு கண்ணைத் தொறந்து "அம்மா"ன்னா. எடது காலு மட்டும் கொஞ்சம் இழுக்குது. பேச்சு முன்னைவிட மெதுவு. அது செரியாயிரும்னு சொல்லியிருக்காங்க.

ஒம்போது நாளும் ஐசியூ வாசல்ல மைனாவதி ஒரே வார்த்தைதாங்க சொல்லிட்டிருந்தா. "நான் உள்ளதான் இருந்தேன். ஒரு சத்தம் கேக்கலை." யாரு வந்து கேட்டாலும் அதேதான். "நான் உள்ளதான் இருந்தேன். ஒரு சத்தம் கேக்கலை." என்னைப் பாத்து ஒரு வார்த்தை குத்தம் சொல்லலை. சொல்லியிருந்தாத் தேவலை.

நான் சொன்னேன், "மைனா, பூட்டுதான் தப்பு. பூட்டை மாத்திட்டாச் செரியாப் போச்சு"ன்னு. இப்பவும் சொல்றேன், வீட்டுல தப்பு இல்லீங்க. அந்த மத்தியானம் உள்ள முப்பத்தொண்ணுதான் இருந்துது. நான் போயிப் பாத்தேன். புள்ளைய ஆஸ்பத்திரியில சேத்துட்டு, துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்பப் பாத்தேன், முப்பத்தொண்ணு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பழக்கமுங்க. கண்ணு தானாப் போயிருது.

ஆஸ்பத்திரியில இருந்து அவ வீட்டுக்கு வரலை. அரவேணுல அவ கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி டீ பேக்டரியில வேலை. அங்கயே இவளுக்கும் தூள் சலிக்கற எடத்துல வேலை வாங்கிக் குடுத்துட்டா. வேலைக்காரங்களுக்கு வரிசையாக் கட்டி விட்ட லைன் வீட்டுல ஒரு ரூம்பு. தகரக் கூரைங்க! மழை பேஞ்சா ஒரு மூலையில ஒழுகுது. சுவரு ஒத்தைக்கல்லு. பிளானுன்னு ஒண்ணு கெடையாது. மொத மொத போயிப் பாத்தப்ப எனக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சு. பரமத்தியில அப்படி ஒரு வீட்டைக் கட்டி வெச்சுட்டு, என்ர பொண்டாட்டி புள்ள இதுலயா இருக்கோணும்?

நான் சும்மா இருக்கலீங்க. பூட்டை மாத்துனேன். பெல்லு வெச்சேன், புள்ளைக்கு எட்டற ஒசரத்துல. அப்பறம் ஆடி மாசம் ராக்கியண்ணனைக் கூட்டிட்டு வந்து மேக்குச் சுவரை ஒடச்சனுங்க. அந்தக் கல்லுத் தடம் இருந்த எடத்துலயே. மூணுக்கு நாலு சன்னலு. வெயிலு படாம மேல சாய்ப்பு, சாஞ்ச சட்டம், எல்லாம் கணக்குப் போட்டு வெச்சேன். அடுத்த பங்குனி வரைக்கும் காத்திருந்து மீட்டரைப் பாத்தேன். எவ்வளவு ஏறிச்சுங்கறீங்க?

அரை டிகிரி.

அரை டிகிரிங்க. முப்பத்தொண்ணரை. அந்த அரை டிகிரிக்குத்தான் நான் வேண்டாம்னேன். அன்னிக்கு மீட்டரைக் கையில வெச்சுட்டு அந்தச் சன்னல்ல ரோட்டைப் பாத்து உக்காந்திருந்தேன். வேப்பமரத்தடியில புள்ளைங்க ஆடுதுங்க. அதுங்க பேசறது வார்த்தை வார்த்தையாக் கேக்குது. எந்திரிச்சு உள்ள போக முடியலீங்க என்னால.

மைனாவதிகிட்டச் சொன்னேன். போன்ல. "சன்னலு வெச்சாச்சு மைனா"ன்னேன். "அடுப்புல பாலு இருக்குது"ன்னு போனை வெச்சுட்டா.

மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போறேன். போற அன்னிக்கெல்லாம் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்புடறதுதான். போட்டோ காட்டுவேன், மீட்டரைப் படம் புடிச்சுக் காட்டுவேன். அவ கேட்டுக்குவா. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவா. போன தடவை போறப்ப, பஸ்ஸை விட்டு எறங்கி மேடேறிப் போறேன், பாதி மேட்டுல சன்மதி நிக்கறா. தலையில தொப்பி, கழுத்துல ஈரத் துண்டு. என்னைப் பாத்ததும் ஓடியாறாங்க. அந்தக் காலை இழுத்துக்கிட்டு ஓடியாறா. "ஓடாத சாமி, சூடாயிரும்"னு கத்தறேன். நிக்கவே இல்லை. வந்து கட்டிப் புடிச்சா. தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருக்குது ஒடம்பு.

மேடேறுனதுல எனக்கு வேர்த்து ஊத்துது. அவ என்ர நெத்தியில வெரலை வெச்சு வேர்வையைத் தொட்டா. வெரலை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. நாக்குல வெச்சும் பாத்துட்டா கழுதை. "உப்புப்பா"ன்னு சிரிக்கறா.

பொறவு கேட்டா. மெதுவாத்தான் பேசுவா இப்ப. "நீ இங்கயே வந்துரேன்ப்பா."

"வீட்டை யாரு சாமி பாத்துக்கறது?"ன்னேன். வாயில வந்துருச்சு, சொல்லிட்டேன்.

அவ யோசிச்சா. மெய்யாலுமே யோசிச்சாங்க, வெளையாட்டுக்கு இல்லை. "வீட்டை எதுக்குப்பா பாத்துக்கணும்? அதுக்கு என்ன, காய்ச்சலா வரப் போவுது?"

நான் சிரிச்சேன். அவ சிரிக்கலை. பதிலுக்கு நின்னுட்டே இருந்தா. மேல கதவோரம் மைனாவதி நின்னுட்டிருந்தா, அவளுக்கும் கேட்டிருக்கும், அங்கதான் எல்லாம் கேக்குதே. எதாச்சும் சொல்லுவாளான்னு பாத்தேன். "சோறு வெந்துருச்சு, சாப்புட்டுட்டுப் போங்க"ன்னா. போங்கன்னுதான் சொன்னா. சாப்புட்டேன். நாலு மணி பஸ்ஸுக்கு எறங்கிட்டேன்.

இன்னிக்கு மறுபடியும் சன்மதி கேப்பா பாருங்க. மறக்கற புள்ள இல்லை. அந்த மேட்டுலயேதான் நிப்பா. இந்தாங்க, அரவேணு போர்டு தெரியுது பாருங்க. மேட்டுப்பாளையத்துல உங்க பக்கத்துல வந்து உக்காந்தப்பவே நெனச்சேன், யாருகிட்டயாச்சும் மொதல்ல இருந்து சொல்லிட்டே வந்தா, முடிக்கறப்ப பதிலு தானா வாயில வந்துரும்னு.

வரலீங்க.